ரசீது வாங்காமல் கொடுத்த சான்றிதழ்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முந்திரி உடைத்துக் கறையேறிய கையால் தொட அம்மா பயந்த என் பட்டச் சான்றிதழ்களை, கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த அன்றே அசலாகக் கொடுத்துவிட்டேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

மறு ஆண்டு சிதம்பரத்தில் வேறு பள்ளியில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். அசல் கட்டாயம். எங்கள் தாளாளரிடம் கேட்டேன்.

“வருஷம் முடியட்டும் டீச்சர். பீரோவுல பத்திரமா இருக்கு” என்று சிரித்தார்.

வழக்குப் போட்டே தீர்வதென்று கிளம்பினேன். “கேஸு கீஸுன்னு போனா உன்ன எவன் வேலைக்கு வெப்பான்?” என்று அம்மா அழுதாள்.

“அவுங்ககிட்ட இருக்குன்னு என்னம்மா அத்தாட்சி? வாங்கவே இல்லன்னுட்டா?” என்றார் நான் போய்ப் பார்த்த பெண் வழக்கறிஞர். பட்டதாரியான நான் ரசீதுகூட வாங்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். “மொதல்ல சான்றிதழத் திருப்பிக் கேட்டு பதிவுத் தபால்ல லெட்டர் போடு. கோவத்த அதுல காட்டாத” என்றார்.

போட்டேன். ஆண்டு முடியும்வரை சான்றிதழ்களைத் தர இயலாதென்று தாளாளரின் கையெழுத்தோடே பதில் வந்தது. அதுவே அத்தாட்சியாயிற்று. வழக்கறிஞர் நோட்டீஸ் போன நான்காம் நாள் சான்றிதழ்கள் வீடு தேடி வந்தன. வழக்கு தேவைப்படவில்லை. ஆனால் நேர்முகத் தேர்வு முடிந்துபோயிருந்தது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

இப்போதிருக்கும் பள்ளியிலும் அசலைக் கேட்டார்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு, நகல்களை மட்டும் நீட்டினேன்.

“எங்க மேல நம்பிக்கை இல்லியா டீச்சர்?” என்றார் எழுத்தர்.

“இருக்கு சார். நகல்லயும் அதே மார்க்குதான் இருக்கு” என்றேன்.