இடது பக்கத்து மாடம்

பங்கு மக்களே, நான் கோபக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். கோபத்தோடே ஜெபித்து, கோபத்தோடே வரம் வாங்கி வந்தவள் நான். மாதாவுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1977-இல் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்துப் போட்டது. கிறிஸ்துமஸ் முடிந்ததும், வீடு கட்ட ஆள் வேண்டும் என்று ஒரு மேஸ்திரி கூப்பிட, என் வீட்டுக்காரர் பொம்மிடியில் ரயில் ஏறினார். அவர் கொத்தனார். எழுதப் படிக்கத் தெரியாது. யாரையாவது பிடித்து வாரம் ஒரு கடிதம் போடுவதாகச் சொன்னார். ஒன்றே ஒன்று வந்தது. மாசியில் அங்கிருந்து திரும்பிய ஒருவர், எங்கள் தருமபுரிப் பக்கத்து ஆள் ஒருவர்மேல் சுவர் விழுந்துவிட்டது என்றார். பெயர் தெரியாதாம். பிழைத்தாரா என்றால் அதுவும் தெரியாதாம். எனக்கு உயிரே இல்லை. பிள்ளைகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நாகப்பட்டினத்தில் எங்கே பார்த்தாலும் செங்கலும் மணலும். தலை போன தென்னைகளுக்கு நடுவில் வரிசையாகப் புது வீடுகள். நின்று பதில் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "அப்படி ஒரு பேரே இல்லம்மா" என்றார். ஆஸ்பத்திரியில் கேள் என்றார்கள். ஆஸ்பத்திரியில், வேலை நடக்கிற இடத்தில் கேள் என்றார்கள். இரண்டு நாள் என்னைப் பந்தாடினார்கள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. தவக்காலம். ஊரில் இருந்தால் சிலுவைப்பாதைக்குப் போயிருப்பேன். இங்கே புழுதியில் நின்று, ஜெபமாலையைக் கையில் இறுக்கிக்கொண்டு, மாதாவோடு சண்டை போட்டேன். "ஊரு பூரா செவுரு எழும்புது. என் வூட்ட மட்டும் இடிச்சுப் போட்டுட்டியா தாயே? காது கேக்குதா இல்லியா ஒனக்கு?" அழுகைகூட வரவில்லை. அவ்வளவு எரிச்சல்.

தொண்டை வறண்டுபோய் ஒரு புது வீட்டில் தண்ணீர் கேட்டேன். குடிக்கும்போதுதான் பார்த்தேன், வாசலுக்கு இடது பக்கம் ஒரு விளக்கு மாடம்.

எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் மாடம் விடாமல் வாசல் சுவரை எழுப்ப மாட்டார்கள். மற்றவர்கள் அதில் அகல் வைப்பார்கள், நாம் மாதா சுரூபம் வைப்போம். எல்லார் வீட்டிலும் அது வலது பக்கம். என் வீட்டுக்காரருக்கு இடது கைப் பழக்கம். கை போகிற பக்கமே மாடத்தையும் வைத்துவிடுவார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதற்காக அவரை நான் திட்டாத நாளில்லை.

"இந்த மாடத்த வச்சது யாருங்க?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க! நாங்க கேக்கவே இல்ல. நொட்டாங்கை கொத்தனாரு ஒருத்தரு, மேஸ்திரி திட்டத் திட்ட வச்சுட்டுப் போனாரு. கால்ல கட்டுப் போட்டிருப்பாரு. பின்னாடி தெருவுல பாருங்க."

சொம்பை வைத்தேனோ போட்டேனோ, ஓடினேன். அந்தத் தெருவில் நான்கு வீடுகளில் இடது பக்க மாடம். ஐந்தாவது வீட்டில், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து சுவர் பூசிக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்கு வந்த? லெட்டரு வர்லியா?" என்றார்.

சுவர் விழுந்தது அவர்மேல்தான்; கால் உடைந்தபின் வேறு மேஸ்திரியிடம் சேர்ந்திருக்கிறார். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த கடிதங்களை, உடன் வேலை செய்தவர் பையிலேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாராம்!

"இருக்கீங்களா இல்லியான்னு தெரியாம நாயா அலையறேங்க!" என்று தெருவே பார்க்கக் கத்தினேன். அப்புறம்தான் அழுதேன்.

இருவரும் வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். சண்டை போட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். இப்போது அவர் காலை இழுத்துத்தான் நடக்கிறார். கோயிலுக்கு வரும்போது நானும் மெதுவாக நடக்கப் பழகிக்கொண்டேன்.

துன்பத்தில் இருக்கிறவர்களே, நல்ல வார்த்தை வரவில்லை என்று ஜெபிக்காமல் இருந்துவிடாதீர்கள். கோபமாக வந்தால் கோபமாகவே கேளுங்கள். அவளுக்குக் காது கேட்கும். எங்கள் வீட்டு மாதா இன்றும் இடது பக்க மாடத்தில்தான் நிற்கிறாள். மாற்றி வைக்கச் சொல்லி நான் வாயே திறப்பதில்லை.