கயிற்றில் ஏறிய கும்பம்

“கிராமச் சுகாதாரத் தொண்டர் என்பவர் ஊரார் அனைவருடனும் சுமுகமான உறவு கொண்டவராகவும், பொறுமைசாலியாகவும், இனிமையாகப் பேசி எடுத்துச் சொல்லும் திறன் உள்ளவராகவும் இருத்தல் வேண்டும்.”

இப்படியொரு சுற்றறிக்கை வந்த எழுபதுகளின் கடைசியில், புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் தொண்டரானவர் சௌந்திரம். ஊரில் பாதி வீடுகளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. மீதிப் பாதியோடு உண்டு. அதைச் சுமுகம் என்று யாரும் சொன்னதில்லை. ஆள் தேர்ந்தெடுக்கச் சுகாதார ஆய்வாளர் கூட்டிய கூட்டத்தில் எல்லாரும் அடுத்தவர் பெயரையே சொன்னார்கள். சௌந்திரத்தின் பெயரைச் சொல்ல ஒருவருமில்லை. அதனால் அவரே சொல்லிக்கொண்டார்.

ஊரின் தொல்லை நரம்புச் சிலந்தி. குடிக்கும் தண்ணீரோடு உள்ளே போகும் இந்தப் புழு, ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளமாகக் கிளம்பி, நூல் போல வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாளாமல் அந்தக் காலைத் தண்ணீரில் வைத்தால் அங்கே குஞ்சுகளைக் கொட்டும். அதைக் குடித்தவர்களுக்கு அடுத்த வருஷம் அதே பாடு. ஆகவே சௌந்திரம் ஊருக்குச் சொல்ல வேண்டியவை இரண்டே: தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடி, புண்பட்ட காலோடு கிணற்றில் இறங்காதே. மற்றக் கிணறுகளெல்லாம் உப்பு. மாரியம்மன் கோயில் படிக்கிணறு ஒன்றுதான் ஊருக்கே குடிநீர்.

பேச்சில்லாத வீடுகளுக்குச் சௌந்திரம் ஒரு வழி வைத்திருந்தார். ஓரகத்தி முத்தாயம்மாள் வீட்டு வாசலில் நின்று, அங்கே கட்டியிருக்கும் எருமையிடம் சொல்வார்.

“ஏய் எருமெ, வடிகட்டாத தண்ணி குடிக்கக் கூடாதுன்னு உன்ற எசமானிகிட்டச் சொல்லு.”

உள்ளேயிருந்து முத்தாயம்மாளும் எருமைக்கே பதில் தருவார். “அதெல்லாம் நேத்தே வடிகட்டியாச்சுன்னு சொல்லு. துணி கிழிஞ்சுபோச்சு, வேற ஒண்ணு குடுத்துட்டுப் போகச் சொல்லு.”

இருவரும் பேச்சை நிறுத்தியது வரப்பில் நின்ற ஒரு பனைமரத்துக்காக. மரம் இடி விழுந்து போயிற்று; பேச்சு திரும்பவில்லை. இடையில் அந்த எருமைக்குச் சுகாதாரம் நன்றாகவே விளங்கியிருக்கும்.

முத்தாயம்மாளின் கணவர் பெயர் சின்னண்ணன். முறையில் அவர்தான் மூத்தவர். சௌந்திரத்தின் கணவர் நாச்சிமுத்து அவருக்குத் தம்பி. சித்திரை நோன்பில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அம்மனுக்குக் கும்பம் எடுக்கும் முறை அந்தக் குடும்பத்து மூத்தவருக்கு. அவருக்கு முடியாமல் போனால் தம்பிக்கு. நாச்சிமுத்து வாழ்நாளில் வெளியே சொல்லாமல் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அது.

அந்த வருஷம் நோன்புக்கு முன்னால் சின்னண்ணன் காலில் கட்டுப் போட்டு நொண்டி நடந்தார்.

“ஏய் எருமெ, மச்சாண்டாரு காலுக்கு என்னன்னு கேளு.”

“முள்ளுக் குத்திப்போட்டுதுன்னு சொல்லு.”

“முள்ளுக் குத்துனா நூலு வருமான்னு கேளு.”

முத்தாயம்மாள் வெளியே வந்து, எருமையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “இவ புருசன் கும்பம் தூக்கோணும்னு என்ற ஊட்டுக்காரரு கால்ல நூலு விடறாளான்னு கேளு!”

ஊரும் அதையேதான் நினைத்தது. நினைக்காமலிருக்கக் காரணமும் இல்லை. வீட்டில் நாச்சிமுத்து ஒரு புது வேட்டியோடு காத்திருந்தார்.

“நெசமாவே நூலா புள்ள? அப்ப இந்தத் தடவெ நாந்தான் எறங்கோணும்.”

சௌந்திரம் வடிகட்டும் துணிகளை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார்.

நோன்பன்று மேளம் அடித்தபடி ஊர் கிணற்றடிக்கு வந்தது. சின்னண்ணன் வெண்கலக் குடத்தோடு மேல்படியில் நின்றார். கீழே நடுப்படியில், வழியை மறித்துக் காலை நீட்டிச் சௌந்திரம் உட்கார்ந்திருந்தார்.

பூசாரி சுப்பையன் கெஞ்சினார். “எந்திரி சாமி, நேரமாவுது.”

“எந்திரிக்காதுங்க,” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “புருசனுக்கு முறை வாங்காம எந்திரிக்காது.”

கிணற்றடியில் எருமை ஏதும் இல்லை. சௌந்திரம் முத்தாயம்மாளை நேராகப் பார்த்தார்.

“அக்கா.”

மேளம் நின்றது.

“எங்களுக்கு முறை வேண்டாங்க்கா. இந்த வருசமும் வேண்டாம், எந்த வருசமும் வேண்டாம். ஆத்தா முன்னால சொல்லிப்போட்டேன். மச்சாண்டாரே எடுக்கட்டும். மேல இருந்து கயித்துல சேந்தி எடுக்கட்டும். காலு மட்டும் தண்ணியில படவேண்டாம். ஊரே குடிக்கிற தண்ணிக்கா.”

கூட்டத்தின் பின்னால் புது வேட்டியில் நின்ற நாச்சிமுத்து, தன் முறை போனதைத் தன் மனைவி வாயாலேயே கேட்டார்.

முத்தாயம்மாள் கணவரின் கால்கட்டைப் பார்த்தார். மறைப்பதால் இனிக் காப்பாற்ற வேண்டியது எதுவுமில்லை. “அவ சொல்றது நெசந்தானுங்க. நூலுதான். சேந்துகயிறு எங்கூட்ல இருக்குது, எடுத்துட்டு வாரேன்.”

“கயித்துல வந்த கும்பத்தை ஆத்தா ஏத்துக்குமா?” என்றார் பூசாரி.

“வேண்டாம்னா ஆத்தா சொல்லட்டும். நீ சொல்லாத,” என்றார் சௌந்திரம்.

சின்னண்ணன் இந்த விவாதம் முடியக் காத்திராமல் மேல்படியிலேயே அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டார். கால் அவருடையது அல்லவா.

கும்பம் கயிற்றில் ஏறியது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. மறு வருஷம் கால் ஆறியிருந்தும் சின்னண்ணன் கயிற்றில்தான் எடுத்தார். அதற்கடுத்த வருஷம் வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டதற்கு, பாட்டன் காலத்திலிருந்தே கயிறுதான் என்று ஊரார் சொன்னார்கள். அந்தப் படிகளில் பிறகு யாரும் இறங்குவதில்லை. அம்மன் கும்பமே இறங்காத இடத்தில் மனிதர் இறங்கலாமா என்றார் பூசாரி.

ஓரகத்திகள் இருவரும் அன்றிலிருந்து நேராகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். நாச்சிமுத்துதான் பேச்சை நிறுத்தினார். சாப்பாட்டு வேளையில் தன் வீட்டு எருமையிடம் போய், “சோறு ஆச்சான்னு கேளு” என்பார். “ஆச்சுன்னு சொல்லு” என்பார் சௌந்திரம். இது அடுத்த அறுவடை வரை நடந்தது. புது வேட்டியை அவர் அதன்பிறகு கட்டவில்லை. பெட்டியிலேயே கிடந்து நைந்த பிறகு, சௌந்திரம் அதைக் கிழித்து வீடு வீடாக வடிகட்டத் துணி கொடுத்தார்.

இனிமையாகப் பேசி ஊராரை இணங்கவைத்தார் என்று ஆய்வாளர் மேலிடத்துக்கு எழுதினார். சௌந்திரம் செய்தது: புண் இருந்த ஒரு காலைக் குடிதண்ணீரில் இறங்கவிடாமல் நிறுத்தினார், அதற்குத் தன் கணவரின் முறையைக் கொடுத்தார்.