யாரோ இருந்த வீடு

தொண்ணூற்றேழில் கருங்குழிப் பக்கம் நடவு வேலை அநேகமாக நின்றுபோயிற்று. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய நிலங்களில் மஞ்சள் கல் நட்டு மனை பிரித்துவிட்டார்கள். நடவுக்குப் போய்ப் பிழைத்த பாப்பா வீட்டில் சும்மா இருந்தாள். அப்போதுதான் ஆள் சேர்க்கும் மேஸ்திரி சுப்பிரமணி காலனிக்கு வந்தான். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் புருஷன், பெண்சாதி இருவருக்குமே வேலை என்றான். குடியிருக்க வீடும் தருவார்களாம்.

"அந்தூர்ல ஆளே இல்லியா மேஸ்திரி? இம்மாந்தூரம் வந்து எங்கள இட்டுகினு போறே?" என்று கேட்டாள் பாப்பா.

"அவனுங்கல்லாம் குடிச்சிட்டு வுயுந்து கெடக்கறானுங்க. உங்க மாரி ஒயைக்க மாட்டானுங்க."

புகழ்ச்சி பாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் புருஷன் ஏசுதாஸ் அதற்குள் சரியென்று தலையாட்டிவிட்டிருந்தான். "உனுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்" என்று அவளை அடக்கினான். பக்கத்து வீட்டு வேண்டாவும் பிள்ளைகளோடு கிளம்பினாள். இப்படிச் சில குடும்பங்கள் செங்கல்பட்டில் ரயில் ஏறின.

நாகர்கோவிலில் இறங்கியதும் ஒரு வேனில் ஏற்றித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். மழையே இல்லை. எதற்குத் தார்ப்பாய் என்று பாப்பா யோசித்தாள். கேட்டால் ஏசுதாஸ் கோபிப்பான் என்று பேசாமல் இருந்தாள்.

கொடுத்த வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்கு என்னவோபோல் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் விறகு அடுக்கியபடி இருந்தது. சுவரில் ஏதோ படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சாயங்காலம் ஒரு சிவப்புக் கோழி தானாக உள்ளே வந்து, மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. விரட்டினாலும் போகவில்லை.

வேலையிலும் சந்தேகம்தான். மரப்பட்டையைக் கத்தியால் மெல்லிசாகச் சீவினால் பால் வடியும். சிரட்டையில் சேரும் அந்தப் பாலைப் பெண்கள் வாளியில் சுமக்க வேண்டும். ஏசுதாஸுக்குக் கத்தி பிடிபடவில்லை. ஆழமாக வெட்டி மரத்தையே காயப்படுத்தினான். மேற்பார்வைக்காரர் பார்த்துக்கொண்டே நடந்து போனார், திட்டவில்லை. நாற்றை நெருக்கி நட்டால்கூட நிலத்துக்காரன் வாயில் வந்ததெல்லாம் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் பாப்பா. மரம் பாழானாலும் இவர்களுக்குக் கவலையில்லை என்றால், வேண்டியது பால் இல்லை. வேறு என்ன?

ஒரு மத்தியானம் பின்பக்க வேலியைத் தாண்டி ஒருத்தி வந்தாள். பாப்பா அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"களவாங்க வரல்ல. என் கோழியப் பிடிச்சிட்டுப் போக வந்தேன். இது நான் இருந்த வீடாக்கும்" என்றாள் அவள்.

மேஸ்திரிதான் நோட்டம் பார்க்க அனுப்பியிருப்பானோ என்று நினைத்தாள் பாப்பா. "உன் கோயின்னா கூப்புடு, பாக்கலாம்."

அவள் நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தாள். மூலையில் இருந்த கோழி ஓடி வந்து அவள் காலடியில் நின்றது. பாப்பா அரிவாளைக் கீழே வைத்தாள்.

வந்தவள் பெயர் ஹெலன். அங்கே பால் சுமந்தவள். "பொம்பளையள எத்தன வருசமானாலும் நிரந்தரம் ஆக்க மாட்டாவ. போன மழையில கூட வேல பாத்த ஒரு பிள்ளைக்கு, பால் ஒறைய ஊத்துற ஆசிட் கையில விழுந்துட்டு. நிரந்தரம் இல்லாதவளுக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில மருந்து கெடையாதுன்னுட்டாவ. அதுக்காக்கும் ஸ்டிரைக்கு. சாமானெல்லாம் தூக்கி வெளிய போட்டுட்டு ஒங்கள கொண்டு வந்திருக்காவ. ஆள் இருக்குன்னு காட்டினா நாங்க பணிஞ்சிருவோம்னு நெனப்பு. இப்பம் கோயில் முத்தத்துல கெடக்கோம்."

பாப்பா அதையும் முழுசாக நம்பிவிடவில்லை. சனிக்கிழமை சுப்பிரமணியிடம் போய், "நாளைக்குக் கோயிலுக்குப் போவணும்" என்றாள்.

"இந்தப் பக்கம் கோயிலே கெடையாது" என்றான் அவன்.

மறுநாள் காலையில் மாதா கோயில் மணியோசை தெளிவாகக் கேட்டது.

அன்றைக்கே எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துச் சொன்னாள். வேண்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏசுதாஸ் மட்டும் அசையவில்லை.

"எனக்குத் தெரியும்மே. சொன்னா நீ வந்திருப்பியா?" என்றான்.

மேஸ்திரி அவனிடம் முதலிலேயே சொல்லியிருக்கிறான். எல்லாரையும் பிடித்து வைத்திருந்தால் அவனை மேற்பார்வைக்காரன் ஆக்குவதாக ஆசையும் காட்டியிருக்கிறான். பாப்பாவுக்கு அழுகை வரவில்லை. யார் யாரையோ சந்தேகப்பட்டவள், பக்கத்தில் படுத்திருந்தவனை மட்டும் விட்டுவிட்டோமே என்றுதான் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் அவளும் வேண்டாவும் இன்னும் பாதிப் பேரும் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார்கள். "நாளைக்கு நானே பஸ் ஏத்தி வுடறேன்" என்று கெஞ்சினான் சுப்பிரமணி. யாரும் நிற்கவில்லை. கோயிலுக்குப் போகிற பெண்களைத் தடுக்கக் காவலாளிக்கும் துணிச்சல் வரவில்லை. ஏசுதாஸ் வரவில்லை.

கோயில் முற்றத்தில் இருந்தவர்கள் இவர்களை முறைத்தார்கள். ஒருவன் காறித் துப்பினான். "எதுக்கு வந்திருக்கியோ? யார் அனுப்பினா?" என்று ஒரு கிழவர் கேட்டார். பாப்பாவுக்குக் கோபமே வரவில்லை. தானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். ஹெலன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்த பிறகுதான் மற்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சாயங்காலம் அவர்களே பஸ் ஏற்றிவிட்டார்கள்.

ஸ்டிரைக் முடிந்ததும் புது ஆட்களை எஸ்டேட் வெளியே அனுப்பிவிட்டது. இளைத்துக் கறுத்து ஏசுதாஸ் ஊர் வந்து சேர்ந்தான். பெண்களில் சிலரை நிரந்தரம் ஆக்கினார்களாம்.

"ஹெலன ஆக்கனாங்களா?"

"எனக்கின்னா தெரியும்?"

பாப்பா அவனுக்குச் சோறு போட்டாள். ஆனால் வெகுநாள் வரை அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. சுப்பிரமணி அவள் பெயரைக் கெடுத்துவைத்ததில் எந்த மேஸ்திரியும் அவளைக் கூப்பிடவில்லை. பஸ் பிடித்துக் கல்பாக்கம் போய் டவுன்ஷிப் வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள்.

இரண்டாயிரத்து மூன்றில், மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததாக ஏசுதாஸ் சொன்னான். மறுநாள் பாப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினாள். கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஸ்டிரைக் கொடி இல்லை, பந்தல் இல்லை. வெளியே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்தவர்களின் முகங்களையெல்லாம் பார்த்தாள். செக்யூரிட்டி வந்து அவளையே விசாரித்தான்.

ராத்திரிச் சோறு போடும்போது போய் வந்ததைச் சொன்னாள். ஏசுதாஸ் தட்டைப் பார்த்தபடி கேட்டான். "இன்னா, இப்பவாவது நம்புறியா?"

"இன்னிக்கு யாரும் வெளில குந்திகினு இல்ல" என்றாள் பாப்பா. "போ, வேலைக்கு."