ஒரே ஆப்புக்குக் கட்டுப்பட்ட மோட்டார்

பாலசமுத்திரத்தில் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொல்லி, போர் மோட்டாருக்குச் செல்போனில் இயங்கும் கருவியை மாட்டவைத்தேன். இரண்டாம் கோடையில் அந்தக் கம்பெனி தன் ஆப்பை நிறுத்திவிட்டது. மோட்டார் ஓடவில்லை. பூவிட்டிருந்த தக்காளிச் செடிகள் வாடத் தொடங்கின.

“வேற கம்பெனி ஆப் போட்டா ஓடாதா?” என்று சித்தூர் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“இது அவுங்க பேச்சைத்தான் கேக்கும்மா. எல்லார் பேச்சும் கேட்டா நீ வேற கம்பெனிக்குப் பூடுவியே! அதுக்குத்தான் இப்டி செஞ்சிக்கீறாங்க.”

நான் எடைக்குப் போடச் சொன்ன ஸ்டார்ட்டரை நைனா மாட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்தார். “இதுக்கு யார் கை பட்டாலும் போதும்” என்றார். மாலைக்குள் தண்ணீர் பாய்ந்தது, செடிகள் பிழைத்தன.

இப்போதும் வீட்டுக்குக் கருவிகளை நான்தான் தேர்ந்தெடுக்கிறேன். “உங்க கம்பெனி இல்லாட்டி இது எதோட ஓடும்?” என்று முதலில் கேட்கிறேன். திருப்பதிக் கடைக்காரர் பதில் தேடினால், அடுத்த கடைக்குப் போய்விடுகிறேன்.