லூர்துமேரி சிஸ்டர் சட்டைக் கையில் ஒட்டிய நேரம்

லூர்துமேரி சிஸ்டர் போய்விட்டார் என்று போன் வந்தபோது பக்கத்து ஊரான எரியோட்டில் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஸ்பானரை விட்டெறிந்தேன், சுவரே பெயர்ந்தது. திண்டுக்கல்லில் வந்து இறங்கினால், அவர் நர்ஸாக வேலை பார்த்த எலும்பு ஆஸ்பத்திரி வாசலில் ஆளுயர பிளக்ஸ்: ‘எங்கள் சேவைச் சுடரே!’ எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சுடரை ஊதி அணைத்தது யாராம்?

சிஸ்டரை அறிந்தவர்களே, நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் இங்கிருந்து கொடைரோடு வரை நான் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டாத மோட்டார் கிடையாது. அந்த வலக்கைதான் வண்டியோடு விழுந்ததில் பதினேழு துண்டானது. டாக்டர் மூன்று என்பார்.

ஆபரேஷனில் ரத்தம் பெருகாமலிருக்க மேல்கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து இறுக்குவார்கள். டூர்னிக்கே என்று பெயர். அதற்கு அடியில் பஞ்சைச் சுருக்கமில்லாமல் சுற்றியவர் சிஸ்டர். காற்று ஏறியதும் பிளாஸ்திரித் துண்டில் நேரம் எழுதித் தன் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டார். பட்டை கழன்றால்தான் அதுவும் கழலும். “நேரம் போறது தெரியாம இறுக்கி வச்சா நரம்பு செத்துரும் அப்பு” என்றார்.

எனக்குக் கை மட்டும்தான் மரத்திருந்தது. காது நன்றாகக் கேட்டது.

“சார், ஒண்ணரை மணி நேரமாச்சு.”

“இன்னும் ரெண்டு ஸ்க்ரூதான். சும்மா இருங்க சிஸ்டர்.”

அரை மணி நேரம் கழித்து மறுபடி அவர் குரல். “ரெண்டு மணி நேரம் சார். காத்த இறக்குங்க.”

“இங்க நீங்க டாக்டரா, நான் டாக்டரா?”

“டாக்டர் நீங்கதான் சார். கை இவரோடது. பத்து நிமிஷம் ரத்தம் ஓடட்டும், பெறகு ஏத்திக்கலாம்.”

உஸ்ஸென்று காற்று இறங்கியது.

அடுத்த மாதமே அவரை டோக்கன் கொடுக்க உட்காரவைத்தார்கள். வாய் அதிகமாம்! கடைசிவரை அங்கேயே வைத்திருந்து, இப்போது மாலை போடுகிறார்கள். பிளக்ஸைக் கழற்றுங்கள் ஐயா. ஆபரேஷன் தியேட்டரில் யாராவது ஒருவர் அவரைப் போல நேரம் எழுதிப் பிளாஸ்திரியை ஒட்டுங்கள். அது போதும்.

படுத்துக்கொண்டே டாக்டரை நான்தான் உலுக்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். பொய். அன்று நான் வாயே திறக்கவில்லை. அவரை மாற்றியபோதும் போய்க் கேட்கவில்லை. என் மேலும்தான் இந்தக் கோபம்.

பட்டை கழன்றதும் என் உள்ளங்கையில் அவர் ஒட்டிவிட்ட பிளாஸ்திரித் துண்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. ‘9.40’ என்று நீல மையில். அதில் மட்டும் நான் ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.