உள்ளே மடித்த தையல்

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் கம்பெனியில் அவருக்குப் ‘பீரோ’ என்று பெயர். இரும்புப் பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோனவர். இதயம் தளர்ந்த பிறகு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். வாய் அதிகம் திறக்காதவள். கண்ணுக்கு மட்டும் எதுவும் தப்பாது. தட்டில் சோறு மிஞ்சுவதையும், தோள் எலும்பு துருத்துவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் தொளதொளத்த சட்டையோடு கண்ணாடி முன் நின்ற அவர், “யாரோட சட்டைடி இது?” என்றார். அதற்குப் பிறகு வாசல் தாண்டவில்லை.

பகலில் அவர் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, எல்லாச் சட்டைகளையும் தோளிலும் பக்கத்திலும் பிடித்துத் தைத்தாள். மேலும் இளைத்தார், மேலும் பிடித்தாள். மனுஷன் பழையபடி டீக்கடைக்குப் போய் வாயடிக்க ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் எடை மெஷினும் அவர் பக்கமே பேசியது. போன தடவை காட்டிய அதே எடை.

“பாத்தீங்களா டாக்டரம்மா? பீரோ அசையவே இல்ல!”

டாக்டரம்மா அவர் காலை அமுக்கினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. “நீர் கோத்திருக்கு. அப்ப எடை ஏறியிருக்கணுமே? உள்ள சதை கரையுதோன்னு சந்தேகமா இருக்கு. சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சா?”

“அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு!”

மனைவி அந்தச் சட்டையைப் பார்த்தாள். சொன்னால் அவர் மறுபடி மூலையில் முடங்கிவிடுவார். சொல்லாவிட்டால் டாக்டரம்மா சதை கரையவில்லை என்றே நம்பிவிடுவார்.

“நான்தாங்க பிடிச்சுத் தைச்சேன்,” என்றாள். அவர் சட்டை விளிம்பைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே மடிப்பின் மேல் மடிப்பு.

அவர் மறுபக்கத்து விளிம்பைத் தானே திருப்பிப் பார்த்தார்.

டாக்டரம்மா மடிப்பை விரலால் அளந்தார். “நல்லவேளை சொன்னீங்க. கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடணும். முட்டை, பருப்பு விடக்கூடாது. லேசான பயிற்சியும் சொல்லித் தர்றோம். பழைய பீரோவா ஆக்கிடறேன்னு சொல்ல மாட்டேன். இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவர் வெகுநேரம் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“துணிய வெட்டிட்டியா?”

“இல்லங்க. அப்படியே மடிச்சுதான் வச்சிருக்கேன்.”

“ஏன்?”

“பிரிக்க வேண்டி வந்தா?”

ஒரு முறை உறுமினார். பிறகு கேன்டீன் பக்கம் தலையைச் சாய்த்தார். “ஒரு முட்டை வாங்கு. முழுசாத் தின்னுடுவேன்னு சொல்ல மாட்டேன்.”