தாவீது எழுதாமல் விட்ட பதில்

கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் தாவீது இரண்டு கைகளையும் சட்டை நுனியில் துடைத்துக்கொள்வான். உள்ளங்கை ஒரு தரம், புறங்கை ஒரு தரம். ஆறாம் வகுப்பிலிருந்து பி.சி.ஏ. கடைசி ஆண்டு வரை நாங்கள் ஒரே வகுப்பு. ஒரு நாளும் அவன் அதைத் தவறவிட்டுப் பார்த்ததில்லை. கை சுத்தமாக இருந்தாலும் துடைப்பான்.

அது ஆரம்பித்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பள்ளியில் முதல் கணினி வகுப்பு, ஒரு திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு சாயப்பட்டறைக்குப் போவதால் அவன் விரல்கள் அரக்கு நிறத்தில் இருந்தன. லேப் சார் அவனை மட்டும் நிறுத்தினார்.

"கைய தொடச்சினு தொடுடா. கலர் ஒட்டிக்கும்."

கழுவினாலே போகாத சாயம், துடைத்தால் எங்கே போகும்? வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேனா என்று பல முறை யோசித்திருக்கிறேன். சிரித்திருப்பேன்.

அவன் அப்பா சின்னப்பையன், ஓரிக்கை போகும் சாலையில் ஒரு பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். பட்டறைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அதில்தான் தாவீதும் அவரும் அம்மா அன்னம்மாளும் இருந்தார்கள். பட்டறையில் வேலை செய்கிறவருக்குத்தான் அந்த அறை. எங்கள் வீட்டிலும் நான்தான் முதல் பட்டதாரி, என் அப்பா டவுன் பஸ் கண்டக்டர். ஆனால் செவிலிமேட்டில் இருக்கும் வீடு எங்களுடையது. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

படிப்பு முடிந்ததும் இருவரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கமல் அண்ணனின் சென்டருக்குப் போக ஆரம்பித்தோம். கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் ஆறு கணினிகள். தாவீது காலையில் அவருக்காக ஆன்லைன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பான். அதற்குப் பதிலாக மதியம் முழுவதும் ஒரு கணினி அவனுக்கு. நான் அவனுக்குப் பக்கத்துக் கணினி. இரண்டு பேரும் கேம் செய்யக் கற்றுக்கொண்டோம்.

அந்தக் கணினிகளில் ஒரு ஏற்பாடு இருந்தது. யாராவது எதையாவது கெடுத்துவிடுவார்கள் என்று பயந்து, அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் மென்பொருள் ஒன்றைக் கமல் அண்ணன் போட்டு வைத்திருந்தார். நாம் சேமித்தது, மாற்றியது எல்லாம் போய்விடும். அதனால் எங்கள் வேலை பென்டிரைவில் இருக்கும். தினமும் அதைக் கணினியில் போட்டு, கேம் உருவாக்கும் மென்பொருளான எஞ்சினில் திறப்போம். கேம் ஓடும். ஆனால் கோட் எழுதும் எடிட்டரைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். நாங்கள் பயன்படுத்திய பேக்கேஜ், அதாவது தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கோட் தொகுப்பு, ஒன்றுகூட அதற்கு அடையாளம் தெரியாது.

முதல் வாரம் நான் அழும் நிலைக்கு வந்துவிட்டேன். தவறு என் கோடில்தான் என்று நினைத்து, சரியாக இருந்த வரிகளை எல்லாம் அழித்து அழித்து எழுதினேன்.

"அத ஏன் போட்டு அடிக்கிற? உன் கோட் நல்லாத்தான் இருக்குது," என்றான் தாவீது. "எஞ்சினுக்குத் தெரிஞ்சது எடிட்டருக்குத் தெரியல. ரெண்டும் வேற வேற வூடுபா. நடுவுல யாருனா போய்ச் சொல்லணும்."

எப்படிச் சொல்வது என்பதை நான்கு நாள் தேடி அவனே கண்டுபிடித்திருந்தான். முதலில் எடிட்டரை மூட வேண்டும். பிறகு எஞ்சினின் செட்டிங்கில் போய், எந்த எடிட்டர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குக் கீழே எந்தெந்த பேக்கேஜுகளை எடிட்டருக்குத் தெரிவிப்பது என்று வரிசையாக டிக் பெட்டிகள் இருக்கும். அவற்றில் டிக் போட்டு, ப்ராஜெக்ட் ஃபைல்களைப் புதிதாக உண்டாக்கும் பட்டனை அழுத்த வேண்டும். கடைசியாகத்தான் எடிட்டரைத் திறக்க வேண்டும்.

"மூடறத மட்டும் மறந்துடாத. மூடாம வுட்டா அது பழைய லிஸ்டையே படிச்சுக்கினு இருக்கும்."

தினமும் நான்கு நிமிட வேலை. கமல் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா தாவீது, தெனம் ஜெபம் மாதிரி பண்ற," என்பார்.

"உங்க கம்ப்யூட்டரு தெனம் பாவம் பண்ணுதுண்ணா," என்பான் இவன்.

இதே தொல்லைக்கு வழி கேட்டு இணையத்தில் ஒருவர் போட்டிருந்த கேள்வியின் கீழே, தன் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் அவன் எல்லாப் படிகளையும் எழுதினான். நன்றி என்று ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். அவன் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினானாம்.

அந்த ஏப்ரலில் சாயத்தொட்டியின் கொதிநீர் சின்னப்பையனின் இரண்டு கால்களிலும் கொட்டியது. இரண்டு மாதத்தில் புண் ஆறியது, ஆனால் அவரால் நிற்க முடியவில்லை. பட்டறை முதலாளி வேணுகோபால் அறை வாசலில் வந்து நின்று சொன்னதைத் தாவீது எனக்கு அப்படியே சொன்னான்.

"உன்ன அனுப்ப மனசு வரல சின்னப்பையா. ஆனா தொட்டிக்கு ஆள் வேணும். வர்றவனுக்கு ரூம் குடுக்கணும். பையன் வந்தா ரூம் உனக்கே. மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு."

அவர் கெடு வைத்த அதே மாதம் சென்னையில் ஒரு சிறிய கேம் கம்பெனி ஆள் எடுத்தது. ஒரே ஒரு இடம். நாங்கள் இரண்டு பேரும் கேம் அனுப்பினோம், இரண்டு பேரையும் ஆன்லைன் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். தாவீதுக்குப் புதன்கிழமை பதினொரு மணி. எனக்கு வியாழன். அவனுக்கு அந்த வேலை கிடைத்தால் சென்னையில் அறை எடுத்து மூன்று பேரும் போய்விடுவார்கள். கிடைக்காவிட்டால் தொட்டி.

புதன் காலை எட்டு மணிக்கே வந்து எல்லாவற்றையும் சரிசெய்து வைத்திருந்தான். துணைக்கு நானும் போனேன். கேமராவில் படாத இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இன்டர்வியூ தொடங்கியதும் கேமைக் காட்டினான். நன்றாகப் போனது. பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். இரண்டு முறை கத்திவிட்டு நின்றது.

எட்டு நிமிடத்தில் கரண்ட் வந்தது. கணினி பழையபடி ஆகியிருந்தது. பென்டிரைவிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, எஞ்சின் திறந்து, அவன் இன்டர்வியூவில் மறுபடி சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். அவர்கள் காத்திருந்தார்கள் என்பதே பெரிய விஷயம்.

"கேம் ஓகே. கோட் காட்டுங்க," என்றது ஒரு குரல்.

எடிட்டரைத் திறந்தான். பக்கம் முழுக்கச் சிவப்பு.

"என்னங்க, இவ்வளவு எரர் வச்சிருக்கீங்க?"

"எரர் இல்ல சார். கேம் ஓடுது சார். பேக்கேஜ எடிட்டர் மட்டும் கண்டுபுடிக்கல. ரெண்டு நிமிஷம் சார்."

சொல்லிவிட்டுக் கைகளைச் சட்டையில் துடைத்தான். இன்னொரு குரல் சிரித்தது. "என்ன தம்பி, டிபன் சாப்பிட்டுட்டு அப்படியே வந்துட்டீங்களா?"

தாவீது கைகளை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு செட்டிங்கில் போனான். எடிட்டரைத் தேர்ந்தெடுத்தான், டிக் போட்டான், பட்டனை அழுத்தினான். சிவப்பு அப்படியே இருந்தது. மறுபடி முதலிலிருந்து செய்தான். அப்படியே இருந்தது. பின்னால் எடிட்டர் திறந்தே கிடந்தது. அவன் அதை மூடவே இல்லை.

நான் ஒன்றரை அடி தூரத்தில் இருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது. 'மூடு' என்று சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், கை காட்டினால் போதும்.

என் குரல் கேட்டால் அவன் காப்பியடிப்பதாக நினைப்பார்கள் என்று தோன்றியது. இடம் ஒன்றுதான், நாளைக்கு என் முறை என்றும் தோன்றியது. இதில் எது முதலில் தோன்றியது என்பதை இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்குள் அந்தக் குரல், "சரி தம்பி. இதெல்லாம் பேசிக். பார்த்துட்டுச் சொல்றோம்," என்று துண்டித்துவிட்டது.

தாவீது எடிட்டரை மூடித் திறந்தான். சிவப்பு முழுக்கப் போயிருந்தது.

"தோ, வந்துடுச்சு," என்றான்.

மறுநாள் நான் ஒன்பது மணிக்குப் போனபோது அவன் என் கணினியில் உட்கார்ந்திருந்தான். "உனக்குப் போட்டு வெச்சிட்டேன். மூடித் தொறந்தாச்சு. ஆஃப் மட்டும் பண்ணாத," என்று எழுந்து இடம் கொடுத்தான். கரண்ட் போகவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

மாதக் கடைசிக்கு முன்பே அவன் தொட்டிக்குப் போய்விட்டான்.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம் அவனைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். மணிக்கட்டு வரை அரக்கு.

"இன்னா சத்யா, ஊருக்கு வந்தியா?"

"ஆமா. அப்பா எப்படி இருக்காரு?"

"குந்திக்கினே இருக்குறாரு. சாப்புடறாரு, திட்றாரு. நல்லாத்தான் இருக்குறாரு."

போனை எடுத்து, இணையத்தில் அவன் எழுதிய பதிலைக் காட்டினேன். எங்கள் டீமில் ஒருவர் அந்த வாரம்தான் அதைப் படித்து ஒரு கணினியைச் சரிசெய்திருந்தார். போனை நீட்டியபோது தாவீது கைகளைப் பின்னால் கொண்டுபோனான்.

"சாயம்பா. நீயே புடி."

நான் பிடித்துக்கொண்டேன், அவன் படித்தான். அந்தப் பதிலுக்குக் கீழே ஏதோ ஒரு நாட்டுக்காரர், தானே எழுதிய பேக்கேஜுக்கு இது வேலை செய்யவில்லையே என்று கேட்டிருந்தார். தனக்கும் அதே தொல்லை என்று நாற்பத்து மூன்று பேர் பட்டனை அழுத்தியிருந்தார்கள்.

"இத்தினி பேரா," என்றான். "சொந்தமா எழுதுனதுக்கு டிக் மட்டும் பத்தாது. அந்த பேக்கேஜுக்குள்ள இன்னொரு ஃபைல்..."

நிறுத்திவிட்டான்.

"சொல்லு, நான் எழுதிடறேன்."

"வேணாம். எழுதறேன்னு சொன்னது நானு."

"அப்ப எழுது."

"எழுதணும்."

ஓரிக்கை பஸ் வந்தது. படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

"அன்னிக்கு எடிட்டர மூடாம வுட்டுட்டேன் இல்ல?"

"ம்."

"நீ பாத்துக்கினுதான இருந்த."

அதில் கோபம் இல்லை. ஏறிப் போய்விட்டான்.

அந்த இன்னொரு ஃபைல் என்னவென்று எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்து வரியில் எழுதிவிடலாம். ஆனால் என் பெயரில்தான் எழுத வேண்டும். அவன் இடத்தில் இன்னொரு தடவை நான் போய் உட்காருவதா? எழுதாமல் விட்டால் கேட்டவருக்கு யார் சொல்வது? இரண்டு மூன்று முறை தட்டச்சு செய்து அழித்துவிட்டேன்.

நேற்றும் பார்த்தேன். எண்ணிக்கை நாற்பத்தேழு ஆகியிருக்கிறது. அந்தக் கேள்விக்குக் கீழே இருப்பது, இன்டர்வியூவுக்கு முந்தின நாள் தாவீது போட்ட ஒரே வரிதான்: "நாளைக்கு எழுதுகிறேன், முதலில் எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கிறது."